வெட்டவா, விடவா?

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, வலுவிழந்து, மிச்சமிருந்த மழையையெல்லாம் சேர்வராயன் மலைமேல் கொட்டிவிட்டுப் போன 2024 டிசம்பருக்குப் பிறகு, ஏற்காட்டில் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “இந்த மரத்தை எப்ப எடுக்கறீங்க?” பால்காரர் கேட்டார், லைன்மேன் கேட்டார், பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர் கண்ணில் படும்போதெல்லாம் கேட்டார். வாசலுக்கு வலப்பக்கம் நிற்கிற சில்வர் ஓக்கைத்தான் சொல்கிறார்கள். தாத்தா எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்த காலத்தில் நாற்றங்காலில் மிஞ்சிய கன்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாராம். இன்று ஓட்டுக்கூரைக்கு மேலே எங்கேயோ போய் நிற்கிறது, பாதி உயரத்துக்கு மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கேட்டவர்கள் யாரும் விவரம் இல்லாதவர்கள் இல்லை. அந்த மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. சில்வர் ஓக் பெரிய காற்றுக்குக் கிளை முறிக்கும் என்பது எஸ்டேட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் மரத்தின் உச்சியில் வேறு இரண்டு மூன்று கிளைகள் இலையில்லாமல் காய்ந்து நின்றன.

பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் ஏதோ ஒரு இடத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால், அதற்கு இரண்டே பதில்கள்தான் அனுமதி. வெட்டு, இல்லையென்றால் விடு. ஊர் முழுக்க வெட்டச் சொன்னது. அம்மா விடச் சொன்னாள். “உங்க தாத்தா வெச்ச மரம், அது நம்ம மேல விழாது” என்பது அவள் கட்சி. இந்த இரண்டு பதிலிலும் மரத்தின் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டிய வேலை யாருக்கும் இல்லை. ஓட்டு வீட்டுக்கு வருஷா வருஷம் உடைந்த ஓட்டை மாற்றுகிறோம், கிணறு என்றால் தூர் வாருகிறோம். வீட்டைவிட உயரமாய், வீட்டோடு ஒட்டி நிற்கிற ஒன்றுக்கு மட்டும் பராமரிப்பு என்று ஒன்று நம் பழக்கத்தில் இல்லை. கன்று நடுவதற்கு விழா எடுக்கிறோம். சாமி குடியிருக்கிற மரத்துக்கு மஞ்சள் துணி கட்டுகிறோம். சாமி இல்லாத கிழட்டு மரத்தை என்ன செய்வது என்பதில்தான் நமக்குக் கை ஓடுவதில்லை.

மரக்கடைக் கணக்கு

இதற்குக் காரணம் மரத்தின் மேல் பாசம் இல்லாதது என்று நான் நினைக்கவில்லை. கணக்குதான் காரணம். சில்வர் ஓக்கை வெட்டினால் காசு வருகிறது. ப்ளைவுட்டுக்கும் பெட்டி அடிக்கவும் போகிற மரம் அது. மர வியாபாரி வந்து அடிமரத்தைக் கயிற்றால் சுற்றி அளந்து, கன அடி போட்டு, தானே ஆள் கூட்டிவந்து வெட்டி, லாரி பிடித்து ஏற்றி, கையில் பணமும் கொடுத்துவிட்டுப் போவார். நாம் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதும். அதே மரத்தில் காய்ந்த கிளையை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் ஏறுகிற ஆளை நாம் தேட வேண்டும், கூலி நாம் கொடுக்க வேண்டும், ஓடு உடைந்தால் அதுவும் நம் தலையில். எங்கள் மரத்துக்கு ஒருவர் சொன்ன விலையைக் கேட்டு அம்மாகூட ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள்.

நடுவில் சட்டம் ஒன்று இருக்கிறது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955-ல் வந்தது. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட குழுவின் அனுமதி இல்லாமல் இங்கே மரம் வெட்டக் கூடாது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இந்த மலை எப்போதோ மொட்டையாகி இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டு மரம் என்று வரும்போது அதுவும் அந்த இரண்டு பதில்களுக்குள்ளேயே நிற்கிறது: வெட்ட அனுமதி உண்டா, இல்லையா. மரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்கப் போய் நிற்க எனக்கு ஒரு வாசல் தென்படவில்லை. அலையச் சோம்பல்பட்டு, தானாகப் பட்டுப்போகட்டும் என்று அடியில் பட்டையைச் சுற்றிலும் செதுக்கி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் செத்துவிடும் என்று ஒருவர் எனக்கு ரகசியமாகச் சொன்னார். பெருங்காயம் விற்கிற விலையில் அதை ரசத்துக்குப் போடலாம்.

இன்னொரு யோசனையும் வந்தது. ‘பாதியில் மொட்டை அடித்துவிடுங்கள், உயரம் குறைந்தால் பயம் இல்லை.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காபித் தோட்டத்தில் வருஷா வருஷம் சில்வர் ஓக்கின் பக்கக் கிளைகளைக் கழித்து விடுகிறார்கள். மழைக்கு முன்னால் நிழலைக் குறைத்து, கோடைக்கு நிழலைக் காப்பாற்றி, மிளகுக்குத் தாங்குமரமாகவும் வைத்துக்கொள்கிறார்கள். காபிச் செடிக்காகச் செய்கிற வேலை அது. இளமரம் அதைத் தாங்கும். தாத்தா காலத்து மரத்தின் நடுமரத்தையே குறுக்கே அறுத்தால் அவ்வளவு பெரிய வெட்டு மூடாது, மழைத் தண்ணீர் இறங்கி உள்ளே அழுகும். அந்த அழுகலின் விளிம்பிலிருந்து நாலா பக்கமும் புதுக் கிளைகள் சரசரவென்று கிளம்பும். அவை நடுமரத்தின் உள்ளிருந்து வந்தவை இல்லை, மேல்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. சில வருஷத்தில் அவையும் கனத்துவிடும், அடுத்த புயலுக்கு முதலில் விழுவது அவைதான். பயத்தைப் போக்கச் செய்கிற வேலை பயத்துக்கு உண்மையான காரணத்தை உண்டாக்கி வைத்துவிட்டுப் போகிறது.

அக்காவின் மேப்பிள்

அக்கா டொரான்டோவில் இருக்கிறாள். அவள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு கிழட்டு மரம், மேப்பிள். 2013 டிசம்பரில் அந்த ஊரில் பனிக்கட்டி மழை பெய்தது. மழையாய் விழுந்து, பட்ட இடத்தில் உறைந்து, ஒவ்வொரு குச்சியையும் கண்ணாடி போர்த்திக் கனக்க வைத்து முறித்துப் போட்டது. மின்கம்பிகள் அறுந்து லட்சக்கணக்கானவர்கள் கிறிஸ்துமஸ் நேரத்தில் மின்சாரம் இல்லாமல் கிடந்தார்கள். அக்காவின் மேப்பிள் இரண்டு தண்டாகப் பிரிகிற மரம், அந்தக் கவட்டையில் லேசாகப் பிளவு விட்டது. அங்கேயும் அத்தான் கேட்ட முதல் கேள்வி ‘வெட்டிரலாமா’ என்பதுதானாம். அப்புறம்தான் தெரிந்திருக்கிறது, அந்த நகரத்தில் சொந்த வீட்டு மரமாகவே இருந்தாலும் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டம் இருந்தால் அனுமதி இல்லாமல் தொட முடியாது. வெட்டுவது மட்டும் இல்லை, காயப்படுத்துவதும் குற்றம். அதனால் ஆர்பரிஸ்ட் என்று ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மரத்தைப் பார்ப்பதையே படித்துவிட்டுத் தொழிலாகச் செய்கிறவர். அவர் மரத்தை வெட்டச் சொல்லவில்லை. உயரத்தில் இரண்டு தண்டையும் இழுத்துப் பிடிக்க ஒரு இரும்புக் கம்பி கட்டி, காய்ந்ததை எடுத்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போனார். நல்ல காசு என்று அக்கா இன்றைக்கும் பெருமூச்சு விடுவாள்.

போனில் அவள் எனக்குச் சொன்ன பாடங்களில் முக்கால்வாசி அவள் ஊர்க் குளிருக்கு உரியவை. அங்கே இலையெல்லாம் உதிர்ந்து மரம் தூங்குகிற குளிர்காலத்தின் கடைசியில் கவாத்து செய்கிறார்கள். கிளைகளின் அமைப்பு தெளிவாகத் தெரியும், பூஞ்சையும் பூச்சியும் அடங்கியிருக்கும், வசந்தம் வந்ததும் மரம் வெட்டை மூட ஆரம்பித்துவிடும். தரை உறைவதற்கு முன்னால் வேருக்கு நன்றாகத் தண்ணீர் விட வேண்டும், உறைந்த பிறகு மரத்தால் உறிஞ்ச முடியாது. சாலையில் பனி உருகப் போடுகிற உப்பு வேரைக் கெடுக்கும். பகல் வெயிலில் சூடான அடிமரம் சூரியன் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்தால், வெளிக்கட்டை உள்கட்டையைவிட வேகமாகச் சுருங்கி மரம் நீளவாக்கில் பிளக்கும். நடு ராத்திரியில் வெடிச்சத்தமே கேட்குமாம். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இதையெல்லாம் கேட்டேன். நம் மலையில் குளிர் என்றால் மூடுபனியும், கம்பளியும், பல் தேய்க்கத் தண்ணீரைத் தொட யோசிப்பதும்தான். சேலத்துக்காரனுக்கு அதுவே பெரிய குளிர். மரத்துக்கு இல்லை. இங்கே மரத்தின் வருஷம் மழையாலும் வறட்சியாலும் ஆனது. சில்வர் ஓக் இலையை நிறையக் கொட்டுவதும் காய்ந்த மாதங்களில்தான். அதனால் அவள் ஊரில் உறைபனியின் கடைசி என்றால் நமக்கு மாசி, பங்குனி. கோடை மழை இறங்குவதற்குள் வெட்டுவதை வெட்டிவிட வேண்டும். ஈரக் காலத்தில் வெட்டினால் பூஞ்சைக்கு இலை போட்டுப் பரிமாறினதுதான்.

ஒரு விஷயம் மட்டும் எந்த ஊருக்கும் பொது. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷிகோ என்ற ஆய்வாளர், ஆயிரக்கணக்கான மரங்களை மின்வாளால் நீளவாக்கில் பிளந்து உள்ளே பார்த்தவர். அதுவரை எல்லோரும் மரத்துக்குக் காயம் ஆறும் என்று நினைத்திருந்தார்கள். மரத்துக்குக் காயம் ஆறுவதே இல்லை என்றார் அவர். நம் தோலில் கெட்ட இடத்திலேயே புதிய சதை வரும். மரம் கெட்ட கட்டையைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புது வளையம் போட்டுக்கொண்டு மேலே போகிறது. உள்ளே அந்தக் காயம் மரம் சாகிறவரை அப்படியே இருக்கும். அதனால்தான் எங்கே வெட்டுகிறோம் என்பது முக்கியமாகிறது. கிளை தண்டோடு சேருகிற இடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும், அந்தப் புடைப்புக்குள்தான் சுவர் எழுப்புகிற சரக்கெல்லாம் இருக்கிறது. தண்டோடு வழுவழுப்பாகச் சீவினால் அது போய்விடும். முழ நீளக் கட்டை விட்டு வெட்டினாலோ, கட்டை அழுகி, அழுகல் உள்ளே இறங்க வழியாகிவிடும். புடைப்புக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும்.

தூர்

ஆர்பரிஸ்டுக்கு நான் எங்கே போவது? நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், எஸ்டேட்டுகளில் நிழல் கழித்தே வயசானவர். இந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். மரம் ஏற இப்போது மகனை அனுப்புகிறார், கீழே நின்று சத்தம் போடுவது அவர் வேலை. வருவதற்கு முன்பே போனில் ‘உச்சியில் காய்ந்த கிளை இருக்கிறது, எடுக்க வேண்டும்’ என்று சொல்லியிருந்தேன். வந்தவர் மேலே ஒருமுறை பார்த்தார். அப்புறம் பார்க்கவே இல்லை. நானும் பக்கத்து ஹோம்ஸ்டேக்காரரும் அண்ணாந்து, அந்தக் கிளையா இந்தக் கிளையா என்று காட்டிக்கொண்டு நிற்க, அவர் மரத்தைச் சுற்றி நடந்தார். அரிவாளின் பின்பக்கத்தால் இடுப்பு உயரத்தில் தட்டிக்கொண்டே போனார். வீட்டுப் பக்கம் கணீரென்று கேட்டது. மேட்டுப் பக்கம் வந்ததும் சத்தம் அமுங்கியது. இரண்டு தடவை தட்டினார், குனிந்தார், குந்தி உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, எல்லாரும் மேலயே பாத்தா எப்படிங்க. இங்க பாருங்க. தூரையே காணோம்.”

சின்ன வயசிலிருந்து பார்த்த மரம். அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மரம் என்றால் மண்ணைத் தொடுகிற இடத்தில் அகன்று, வேர்களாய்ப் பிரிந்து இறங்க வேண்டும். எங்கள் மரம் அகலாமல் நேராக சிமென்ட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பழைய போட்டோ ஒன்றில் அத்தை அந்த வேர்ப் புடைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வேர் எங்கே? சில வருஷங்களுக்கு முன் வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் கட்டியபோது, வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் தோண்டிய மண்ணை லாரி வைத்து வெளியே அடிக்காமல் மரத்தைச் சுற்றியே நிரவிவிட்டார். வாசல் சமமாகி விட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். சமமான இடத்தைப் பார்த்ததும் கார் நிறுத்த சிமென்ட் போட்டாகிவிட்டது.

அவர் மண்வெட்டியை வேண்டாமென்றார். களைக்கொட்டு கேட்டு வாங்கி, மேட்டுப் பக்கம் சிமென்ட் முடிகிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி, மண்ணைக் கையாலேயே வாரிப் போட்டார். அவசரமே இல்லை. சாண் ஆழம் போன பிறகு பட்டையின் நிறம் மாறியது. சாம்பல் நிறம் கறுப்பானது, விரலால் தள்ளினால் ஈரமாய் உரிந்து வந்தது. புளித்த வாடை. உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை நூல். முழங்கால் ஆழத்தில்தான் பழைய வேர் தென்பட்டது. அரிவாள் நுனியை வைத்து அழுத்தினார், ஒரு விரல்கடை உள்ளே இறங்கியது. மற்ற மூன்று பக்கமும் அழுத்திப் பார்த்தார், இறங்கவில்லை. “வயசு இல்லீங்க இது. மூச்சு முட்டியிருக்குது” என்றார். ஹோம்ஸ்டேக்காரர் அப்போதும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சு என்று அவர் சொன்னது அப்படியே உண்மை. வேர் காற்றை எடுக்கும். மரத்தின் வேர் மரத்தின் உயரத்துக்குப் பாதாளத்தில் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான வேர் மேல்மண்ணின் இரண்டடிக்குள், கிளைகள் விரிந்திருப்பதைவிட அகலமாகப் பரவிக் கிடக்கிறது. அதன் மேல் முழங்கால் உயரம் மண்ணையும் சிமென்ட்டையும் போட்டால் மரம் அன்றைக்கே சாகாது. பல வருஷம் கழித்து உச்சியில் இரண்டு கிளை காயும். அதைப் பார்த்து நாம் வயசாகிவிட்டது என்போம். சிமென்ட் போட்டது யாருக்கும் நினைவில் இருக்காது. அன்று ராத்திரி அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அவள் ஊரில் அழகுக்காக மரத்தடியில் மரத்தூளைக் கூம்பாகக் குவிப்பார்களாம். அந்த ஆர்பரிஸ்டும் வந்ததும் முதலில் மண்டியிட்டு, தண்டை ஒட்டிய தூளையெல்லாம் கையால் விலக்கினாராம். “அதுக்கும் சேத்துத்தான்டா காசு வாங்கினாரு” என்றாள்.

அதற்குப் பிறகு நடந்த வேலை பார்க்கச் சுவாரசியம் இல்லாதது. ஜேசிபி வேண்டாம் என்றதில் ஒரு சண்டை. கடப்பாரையால் மரத்தைச் சுற்றி எட்டடிக்கு சிமென்ட்டை உடைத்தார்கள். மண்ணை ஒரே நாளில் எடுக்காமல் விட்டுவிட்டு எடுத்தார்கள், புது மண்ணுக்குள் கிளம்பியிருந்த சல்லிவேர்கள் சட்டென்று வெயிலைப் பார்க்கக் கூடாது என்று. மேட்டிலிருந்து வருகிற மழைத் தண்ணீர் தூரில் தேங்காமல் போக ஒரு வாய்க்கால். மேலே மரம் கொட்டிய இலையையே மூடாக்காகப் பரப்பினோம், தண்டைத் தொடாமல். டிஏபி உரம் இரண்டு மூட்டை போட்டால் மரம் தெளிந்துவிடும் என்று ஒரு யோசனை வந்தது. சில்வர் ஓக் கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம்; டிஏபியில் நிறைய இருக்கிற மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைந்த மண்ணிலிருந்தே அதைச் சுரண்டி எடுக்கக் கொத்துக் கொத்தாய்த் தனி வேர் வைத்திருக்கிறது. அந்த இனத்துக்கு மணிச்சத்தை அள்ளிக் கொடுப்பது ஆபத்து. மூட்டையைத் திருப்பி அனுப்பினோம்.

மாசியில் பெரியவரின் மகன் ஏறிக் காய்ந்த கிளைகளை எடுத்தான். கிளை பாதியில் முறிந்து பட்டையை உரித்துக்கொண்டு இறங்காமல் இருக்க, முதலில் அடியில் கொஞ்சம், அப்புறம் சற்றுத் தள்ளி மேலிருந்து, கடைசியில் மிச்சக் கட்டையைப் புடைப்புக்கு வெளியே, என்று மூன்று வெட்டு. இதில் பெரியவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. கட்டை விட்டால் அடுத்த தடவை கால் வைத்து ஏற உதவும் என்பது அவர் வாதம். ஏறுகிறவன் அவர் மகன் என்பதால் அந்த வாதத்தை லேசாக ஒதுக்க முடியவில்லை. கயிறும் இடுப்புப் பட்டையும் வாங்கித் தருவதாகச் சொன்ன பிறகு இறங்கி வந்தார். வெட்டு வாயில் சாணி பூச வேண்டும் என்றார். எதைப் பூசினாலும் அழுகலைத் தடுக்காது என்பதுதான் ஷிகோவின் ஆய்வு காட்டியது. ஒரு வெட்டுக்கு மட்டும் பூசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மரம் பிழைத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அழுகிய பக்கம் அழுகியதுதான், அது திரும்பாது. உள்ளே பொந்து இருந்தாலும், சுற்றிலும் நிற்கிற கெட்டிக் கட்டை ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் மரம் தாங்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அது தண்டுக்குச் சொன்ன கணக்கு. வேருக்கு அப்படி ஒன்றும் கிடையாது, காற்று வந்தால்தான் தெரியும். விழுமா என்பதோடு, விழுந்தால் கீழே என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணக்கிட வேண்டும் என்று அக்காவின் ஆர்பரிஸ்ட் சொன்னாராம். செலவில்லாத பாதி அதுதான். காரை ரோட்டோரம் நிறுத்துகிறேன். மழைக்காலத்தில் மரத்துப் பக்கத்து அறையில் யாரும் படுப்பதில்லை என்று முடிவு, அம்மாவைத் தவிர. “மரத்துக்காக நான் ரூம் மாறணுமா?” என்று கேட்டுவிட்டு, கட்டிலை மட்டும் எதிர்ச் சுவர் பக்கம் தள்ளிப் போடச் சொன்னாள்.

ஐப்பசிக்கு முன்னால் பெரியவர் மறுபடி வந்து தட்டிப் பார்ப்பதாகப் பேச்சு. அரிவாள் நுனி இன்னொரு பக்கமும் இறங்கினால் ஆட்சியர் குழுவுக்கு மனு போடுவேன். படிவத்தைப் பூர்த்தி செய்து, தேதி மட்டும் போடாமல் பீரோவில் வைத்திருக்கிறேன். மர வியாபாரி இன்னமும் மாதம் ஒருமுறை போன் செய்கிறார். போன மாதம் விலையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்.